இடம் மாறி உட்கார்ந்த நாள்

கோயம்புத்தூர்
29 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பாண்டிச்செல்வி எழுதுவது. நீ என் எண்ணைத் தடுத்து வைத்துப் பதினெட்டு நாளாகிறது. அத்தான் போனில் முயன்று பார்த்தேன். லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு பாட்னா பக்கம் போய்க்கொண்டிருக்கிறாராம். "அக்கா தங்கச்சி சண்டைக்குள்ள என்னைய இழுக்காத தாயி" என்று சொல்லி வைத்துவிட்டார். அதனால்தான் கடிதம். வெம்பக்கோட்டைத் தபால்காரர் உன் கையில் கொடுத்தால் நீ பிரிக்காமல் இருக்கமாட்டாய் என்று தெரியும்.

உன் கம்பெனி போர்மேன் ஊர்க்காவலன் மாமாவிடம் உன்னைப் பற்றிச் சொன்னது நான்தான். இல்லையென்று சொல்லப்போவதில்லை. ஆனால் ஊரிலிருந்து கிளம்பிய அன்று காலை நான் பார்த்ததை நீ பார்க்கவில்லை, அக்கா.

நீ குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றாய். குடம் நிறைந்தது. தண்ணீர் வழிந்து உன் பாதத்தின் மேல் ஓடி வாசலைத் தாண்டிப் போனது. உன் கண் திறந்துதான் இருந்தது. மூன்று தடவை கூப்பிட்டேன். நான்காம் தடவை தோளைத் தொட்டபோது, ரொம்பத் தூரத்திலிருந்து நடந்து வந்தவள் மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

"கண்ணத் தொறந்துக்கிட்டே ஒரு மூச்சு தூங்கிட்டேன்டி. மருந்து செலுத்தையிலயும் இப்பிடித்தான். கை அதுபாட்டுக்கு ஓடும், நான் வேற எங்கனயோ இருப்பேன்."

பூச்சட்டிப் பட்டாசுக்குள் வெடிமருந்தை நிரப்பி இறுக்குகிற கை. அது அதுபாட்டுக்கு ஓடுகிறது, நீ வேறெங்கோ இருக்கிறாய். நீ வேனில் ஏறிப் போன பிறகும் அந்தச் சொல் சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்தது. போன வருடம் அதே கம்பெனியில் நடந்த விபத்து எனக்கும் தெரியும்தானே. போர்மேனிடம் சொல்லாமல் நான் எப்படி ரயில் ஏறுவது?

இது உன் சோம்பல் இல்லை என்று அவரிடம் சொன்னேன். உனக்கும் அதையே சொல்கிறேன். உடம்பு சக்தியைச் செலவழிக்கச் செலவழிக்க, அடினோசின் என்று ஒரு பொருள் மிஞ்சி மூளைக்குள் படிகிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருகிறது. தூக்கம்தான் அதைப் பெருக்கித் தள்ளும். பெருக்காமல் விட்டால் மூளையின் சில பகுதிகள் ஆளைக் கேட்காமலேயே ஓரிரு நொடி தூங்கிவிடுகின்றன. கண் திறந்திருக்கும். நீ குடிக்கிற ஐந்து வேளை கட்டன் டீ அந்தப் பொருளைக் கரைப்பதில்லை. அது உட்காருகிற இடத்தில் டீ உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். டீ எழுந்து போனதும் அது வந்து உட்கார்ந்துவிடும்.

கோபம் தணிந்தால் ஒரு வரி எழுது.

உன்
பாண்டிச்செல்வி


வெம்பக்கோட்டை
20 ஜூலை 2025

பாண்டிச்செல்விக்கு,

கடிதம் வந்து இரண்டு வாரமாகிவிட்டது. பிரித்தேன், படித்தேன், மடித்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

பத்தொன்பது வருடம் மருந்து அறையில் இருந்தவள் நான். இப்போது லேபிள் ஒட்டுகிறேன். எனக்கு வலப்பக்கம் இருப்பவளுக்கு இருபத்திரண்டு வயது. "என்ன மதினி, தங்கச்சி டாக்டரம்மா ஒங்களுக்குப் பத்தியம் போட்டுட்டாகளா" என்று தினமும் கேட்கிறாள். கேலியாகக் கேட்கவில்லை, பாசமாகத்தான் கேட்கிறாள். எனக்குத்தான் அது வலிக்கிறது.

ஊர்க்காவலன் மாமா என்னைக் கூப்பிட்டு, "வேல்விழி, நீ என் மக மாதிரி. கொஞ்ச நாளைக்கு இங்கன நெழல்ல உக்காரு" என்றார். நீ என்னிடம் முதலில் கேட்டிருக்கலாம். என் பக்கத்தில் உட்கார்ந்து, அக்கா உனக்கு என்ன செய்கிறது என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். நீ குடத்தைப் பார்த்தாய், தண்ணீரைப் பார்த்தாய், உடனே போனை எடுத்தாய்.

நீ ஆஸ்பத்திரி ஆய்வகத்தில், குளிரூட்டிய அறையில் நாற்காலியில் இருந்து வேலை பார்க்கிறவள். அசதி என்பது உனக்குக் குழாயில் வருகிற ஒரு பொருள். எனக்கு அது முதுகு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பொருள் தூங்கினால் போய்விடும் என்கிறாய். தூங்கவே விடாத அசதி ஒன்று இருக்கிறதே, அதற்கு உங்கள் புத்தகத்தில் என்ன பெயர்?

வேல்விழி


கோயம்புத்தூர்
27 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியது சரி. நான் உன்னிடம்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். பயந்தால் நான் யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்கிறவள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மன்னித்துவிடு.

தூங்கவிடாத அசதிக்கும் ஒரு காரணம் சொல்கிறார்கள். கார்ட்டிசால் என்று ஒரு சுரப்பு. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து வருகிறது. விடியும்போது அது ஏறும்; அதுதான் நம்மை எழுப்பி உட்கார வைக்கிறது. சாயங்காலம் இறங்கும். இறங்கினால்தான் உடம்பு, சரி, இன்றைக்கு இவ்வளவுதான் என்று ஒத்துக்கொள்ளும். மனதுக்குள் தீராத ஒன்று இருந்தால் அது இறங்க மறுக்கும். வெளியே இருட்டிவிடும், உள்ளே மட்டும் பகல். தசைக்குச் சர்க்கரை போய்க்கொண்டே இருக்கும், ஓடுவதற்குத் தயாராக. ஆனால் ஓட இடம் இருக்காது.

சாத்தூரில் ஏதாவது ஒரு பரிசோதனை நிலையத்தில் காலை எட்டு மணிக்கு ஒருமுறை, மாலை நாலு மணிக்கு ஒருமுறை இரத்தம் கொடுத்து, முடிவை எனக்கு அனுப்புவாயா? ஒரே ஒரு சோதனையை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் நான் பார்க்க வேண்டும்.

என் நாற்காலியைப் பற்றிச் சொன்னாய். இங்கே மூன்று பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். இரண்டு மாதமாக எனக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. உண்மைதான், நான் எதையும் தூக்குவதில்லை. ஆனால் ஒவ்வொரு குழாயிலும் ஒரு பெயர், ஒரு எண். பெயர் பார், எண் பார், பொருத்திப் பார், அடுத்தது. நானூறு, ஐந்நூறு தடவை. யோசித்துக்கொண்டே இருக்கிற மூளையின் முன்பகுதியில் குளூட்டமேட் என்ற பொருள் தேங்குகிறது என்று சில வருடங்களுக்கு முன் ஓர் ஆய்வில் படித்தேன். தேங்கினால் மூளை கடினமானதை விட்டுவிட்டுச் சுலபமானதைப் பிடித்துக்கொள்ளப் பார்க்குமாம். படிக்கும்போதே, இது யாரோ என்னைப் பற்றி எழுதியது என்று தோன்றியது.

இரத்தம் எடுத்த குழாய்களை வைத்துச் சுழற்றும் கருவி இங்கே உண்டு. சுற்றி நின்றதும் சிவப்பு அடியில் தங்கிவிடும், மேலே வெளிர் மஞ்சளாக நீர் தெளியும். சில நாள் அதன் முன்னால் நின்று நானும் அப்படித் தெளிய மாட்டேனா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த உறுமல் சத்தத்துக்குள் யாரோ என்னைத் தொட்டிலில் போட்ட மாதிரி இருக்கும்.

அக்கா, நேராகவே கேட்கிறேன். நீ தூங்காதது கற்பகம் மதினி அந்த விபத்தில் போன பிறகுதானா?

பாண்டிச்செல்வி


வெம்பக்கோட்டை
17 ஆகஸ்ட் 2025

பாண்டிச்செல்விக்கு,

நேற்று முன்தினம் ஆடிக் கடைசி வெள்ளி. இருக்கன்குடிக்கு நடந்து போனேன். வழியெல்லாம் மஞ்சள் சேலை. இரண்டு ஆறும் சேருகிற மணலில் ஆயிரமாயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள், சமைத்தார்கள், மொட்டையடித்த பிள்ளைகளுக்குச் சந்தனம் பூசினார்கள். நான் மாரியம்மனிடம் ஒன்றும் கேட்கவில்லை. மணலில் படுத்துக்கொண்டேன். கொட்டுச் சத்தம் தரைக்குள்ளிருந்து முதுகுக்கு வந்தது. வெயில் இமைக்கு மேல் சிவப்பாக நின்றது. அப்போது முடிவு செய்தேன், இதை உனக்கு எழுதிவிடுவது என்று. போனில் என்றால் அழுதுவிடுவேன். எழுதினால் நின்று நின்று எழுதலாம்.

கற்பகம் செத்தது என் இடத்தில்.

இது யாருக்கும் தெரியாது. ஊர்க்காவலன் மாமாவுக்கும் தெரியாது. போன வருடம் ஏப்ரல் மாதம், செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் முழுக்க உன் அத்தான் மஞ்சள் காமாலையாக விருதுநகர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் அங்கே இருந்துவிட்டு, அங்கிருந்தே வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். அன்று காலை டீ குடித்துவிட்டு வரும்போது கற்பகம் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன வேல்விழி, பேயடிச்சவ மாதிரி வாரே?"

"ஒண்ணுமில்ல. கண்ணு இழுக்குது."

"அங்கன போயி என் எடத்துல ஒக்காந்து திரி வெட்டு. நான் மருந்தப் பாத்துக்கிடுதேன். மத்தியானம் மாத்திக்கிடுவோம்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சந்தோஷமாகப் போய் அவள் இடத்தில் உட்கார்ந்தேன். பதினோரு மணி இருக்கும். சத்தத்தை நான் கேட்டதாகவே ஞாபகம் இல்லை. ஒரு வெளிச்சம், பிறகு வேப்பமரத்து இலையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. ரொம்ப நேரம் அப்படியே நின்ற மாதிரி இருந்தது. உராய்வினால் வந்தது என்று பிறகு எழுதினார்கள். கம்பெனியை ஆறு மாதம் மூடினார்கள், புது அறை கட்டினார்கள், திறந்தார்கள். புது அறையில் அதே மூலையைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன்.

கண்ணை மூடினால் நான் திரி வெட்டுகிற அறையில் இருக்கிறேன். வெயில் வெள்ளியாகக் கிடக்கிறது, அலுமினியத் தூள் மாதிரி. எதிரே கற்பகம் என் இடத்தில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைக்கிறாள். நான் எழுந்து போய், நீ வா, மாத்திக்கிடுவோம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் கால் எழாது. மடியில் திரி நீண்டுகொண்டே போகும், வெட்ட வெட்ட நீளும். நீ குழாயடியில் என்னைப் பார்த்தாயே, அப்போது அங்கேதான் இருந்தேன்.

நீ போர்மேனிடம் சொன்னதும் அவர் என்னை நிழலுக்கு மாற்றினார். மறுபடியும் நான் அசதி என்று நகர்ந்துகொள்கிறேன், மறுபடியும் வேறொருத்தி என் மூலையில் உட்கார்கிறாள். அதனால்தான் உன்மேல் அவ்வளவு கோபம். உனக்கு எப்படித் தெரியும்.

நீ கேட்ட இரத்தத்தைக் கொடுத்தேன். தாள் உள்ளே இருக்கிறது.

வேல்விழி


கோயம்புத்தூர்
24 ஆகஸ்ட் 2025

அக்கா,

உன் கடிதத்தைப் பேருந்தில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

என்ன எழுதினாலும் சின்னதாக இருக்கிறது. அதனால் தாளில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். காலை எட்டு மணிக்குக் கார்ட்டிசால் பதினான்கு. அது சரியான அளவு. மாலை நாலு மணிக்குப் பாதிக்குப் பக்கமாக இறங்கியிருக்க வேண்டும். உனக்குப் பதின்மூன்றரை. அதாவது உன் இரத்தத்தில் சாயங்காலம் வரவே இல்லை, அக்கா. உடம்பு இன்னும் காலை பதினோரு மணி வெயிலிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

இதை ஒரு மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நான் இல்லை. விருதுநகரில் மனநலப் பிரிவு உண்டு. போ. வெட்கப்படாதே, அளந்து பார்க்கக்கூடிய ஒன்றுக்காகத்தான் போகிறாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கற்பகம் மதினியின் வீட்டுக்காரர் பாண்டிராஜ் அண்ணனிடம் இதைச் சொல்லிவிடேன். மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. நீ ஒருத்தியே பதினாறு மாதமாகக் காவல் காக்கிறாய் என்பதற்காக.

பாண்டிச்செல்வி


கோயம்புத்தூர்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பாண்டிராஜ் அண்ணனைப் பற்றி நான் எழுதியது உனக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். சொல்ல வேறு ஆள் இல்லை.

புதன்கிழமை நான் இரண்டு குழாய்களை மாற்றிவிட்டேன்.

மத்தியானம் மூன்று மணி. பதினோராவது நாளாக விடுப்பில்லாமல் வேலை. இரண்டு லேபிள்களும் கையில் இருந்தன. ஒன்று சிறுநீரகம் பழுதான ஒரு பெரியவருடையது, மற்றது காய்ச்சலுக்கு வந்த கல்லூரிப் பெண்ணுடையது. பெயர் பார்த்தேன், எண் பார்த்தேன். பார்த்தேன் என்று சத்தியம் செய்வேன். ஆனால் இடையில் எங்கோ ஒரு மடிப்பு. சன்னலுக்கு வெளியே மழை மேகம் கீழே வந்து தரையைத் தொடுகிறது, நான் அதன்மேல் நடக்கிறேன், காலுக்கடியில் பஞ்சு மாதிரி. அது எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது இரண்டு குழாயிலும் லேபிள் ஒட்டியிருந்தது. கை அதுபாட்டுக்கு ஓடியிருக்கிறது.

பெரியவரின் பொட்டாசியம் ஆறே முக்கால். அவ்வளவு ஏறினால் இதயம் எந்நேரமும் நின்றுபோகலாம். அந்த எண் காய்ச்சல் பெண்ணின் பெயரில் போயிற்று. பெரியவருக்கு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தாள் போயிற்று. ஒன்றரை மணி நேரம் அவர் அப்படியே படுத்திருந்தார்.

வார்டிலிருந்து செவிலியர் கூப்பிட்டார். "இந்தப் பொண்ணு நல்லா உக்காந்து பேசிக்கிட்டிருக்கு, எப்படிம்மா இவ்வளவு வரும்?" அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு பேரிடமும் புதிதாக இரத்தம் வாங்கி, கருவியில் ஓட்டி, சரியான தாளை அனுப்பினேன். பெரியவருக்கு மருந்து ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். நேற்றுக் கஞ்சி குடித்ததாகக் கேள்வி.

ஆனால் செவிலியரிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரெண்டு குழாயிலயும் இரத்தம் உடைஞ்சு போச்சு சிஸ்டர், அதான் தப்பா வந்திருக்கு" என்றேன். இரத்த அணுக்கள் உடைந்தால் கணக்கு மாறி வருவது உண்டு. அதனால் நம்பிவிட்டார். யாருக்கும் தெரியவில்லை. தெரியப் போவதும் இல்லை.

நான்கு நாளாக நானும் தூங்கவில்லை.

பாண்டிச்செல்வி


வெம்பக்கோட்டை
21 செப்டம்பர் 2025

என் செல்விக்கு,

உன் கடிதத்தைக் கம்பெனி வாசலில் வாங்கி, வேனில் ஏறி, வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன். படித்து முடித்ததும் முதலில் வந்தது என்ன என்று உண்மையைச் சொல்கிறேன். ஒரு சின்ன சந்தோஷம். நாற்காலியில் இருக்கிறவளுக்கும் இது நடக்கிறதே என்று. அடுத்த நிமிடம் அதற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன். அந்தப் பெரியவரை நினைத்தேன். அவர் யாரோ ஒருத்தருக்கு அப்பாவாக இருப்பார். எல்லாம் சரியாக இருக்கிறது என்ற தாளைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருந்திருப்பார்.

நீ ஒரு இடத்தில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடு. பிறகு மேலே படி.

நீ ஜூன் மாதம் ஊர்க்காவலன் மாமாவிடம் என்னைப் பற்றிச் சொன்னாய். அன்று நான் உன்னைச் சபித்தேன். ஆனால் நீ சொன்னதில் பொய் இல்லை. இப்போது உன்னைப் பற்றி உன் மேலாளரிடம் யார் சொல்வது? எனக்கு அவர் எண் தெரியாது. தெரிந்தால் கூப்பிட்டிருப்பேனா என்று யோசித்தேன். கூப்பிட்டிருக்க மாட்டேன். நீ சொல்ல வேண்டியது அது.

நான் வாயைத் திறக்காமல் பதினாறு மாதம் இருந்தவள். அது என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும். முதலில் நெஞ்சுக்குள் ஒரு கல் மாதிரி இருக்கும். பிறகு கல் என்பது தெரியாது, அதுவே நெஞ்சு என்று ஆகிவிடும். நீயே எனக்கு எண் போட்டுக் காட்டினாய், பதின்மூன்றரை என்று. அந்தத் தாளை உனக்கு நாளைக்கு யாரும் எழுதக்கூடாது.

மூன்று பேர் பார்க்கிற வேலையை ஒருத்தி பார்த்தால் என்ன ஆகும் என்றும் சேர்த்துச் சொல். அசதியை மறைத்துத் தப்பை மட்டும் சொல்லாதே. எங்கள் கம்பெனியில் அப்படித்தான் எழுதுவார்கள். உராய்வு என்பார்கள். யாருடைய கை, அது எத்தனை நாள் தூங்காத கை என்று எழுதமாட்டார்கள்.

நீ போய்ச் சொன்னால் நானும் பாண்டிராஜ் அண்ணனிடம் போகிறேன். பேரம் பேசவில்லை. எனக்குத் தனியாகத் தைரியம் வரவில்லை, அதுதான்.

உன்
வேல்விழி


கோயம்புத்தூர்
28 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை டாக்டர் மகேஷ்குமாரின் அறைக்குப் போனேன். எங்கள் ஆய்வகத்துக்குத் தலைவர் அவர்தான். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் எழ முடியாது என்று நின்றுகொண்டே சொன்னேன். லேபிள், பெரியவர், ஒன்றரை மணி நேரம், சிஸ்டரிடம் சொன்ன பொய், பதினோரு நாள். எல்லாம் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அந்த வாரப் பணிப் பட்டியலில் கையெழுத்துப் போட்டது நான்தான்" என்றார். பிறகு, "பொய் சொன்னது உங்கள் தவறு. அதற்கு நடவடிக்கை உண்டு" என்றார்.

எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். எழுத்தில் எச்சரிக்கையும் வரும். பெரியவரின் மகனிடம் டாக்டரே என்னை அழைத்துப் போனார். அந்த மகன் என்மேல் கோபப்பட்டார். கோபப்பட வேண்டியதுதான். "எங்க அப்பா செத்திருந்தா இந்நேரம் நீங்க இங்க நின்னுக்கிட்டிருப்பீங்களா?" என்று கேட்டார். தலையைக் குனிந்து நின்றேன். பெரியவர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். திரையில் அவர் இதயத்துடிப்பு பச்சைக் கோடாக ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு குளத்து அலை மாதிரிப் போய்க்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இரண்டு வாரம் கட்டாய விடுப்பு. தண்டனையா மருத்துவமா என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இனி யாருக்கும் தொடர்ந்து ஆறு நாளுக்கு மேல் வேலை போடக்கூடாது என்று பட்டியலுக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எத்தனை மாதம் நிற்கும் என்று தெரியாது.

சனிக்கிழமை சாத்தூரில் இறங்குவேன். நீ வேலையில் இருப்பாய், நானே வந்துவிடுகிறேன். சாவி எங்கே என்று மட்டும் சொல்.

பாண்டிச்செல்வி


வெம்பக்கோட்டை, நம் வீடு
9 அக்டோபர் 2025, வியாழன் காலை

செல்வி,

நீ நடு அறையில் தூங்குகிறாய். நான் உனக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வந்த நாளிலிருந்து எழுந்து சாப்பிடுகிறாய், குளிக்கிறாய், நான் சொல்வதற்கெல்லாம் உம் கொட்டுகிறாய், திரும்பப் போய்ப் படுத்துக்கொள்கிறாய். உன்னிடம் எல்லாம் சொல்லிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். நேற்றுத்தான் தெரிந்தது, பாதி உம் நீ தூக்கத்தில் கொட்டியது. அதனால் எழுதி வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாண்டிராஜ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். உன்னை எழுப்ப மனசு வரவில்லை. அவர் வாசலில் உட்கார்ந்து மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார். கோணலாக வந்திருந்தது. அந்தப் பிள்ளை உள்ளே போகும்வரை காத்திருந்தேன். பிறகு நின்றுகொண்டே சொன்னேன். கற்பகம் என் இடத்தில் உட்கார்ந்தாள், நான் வேண்டாமென்று சொல்லவில்லை, என்று.

அவர் சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்து விரலில் சுருட்டினார். நான் திரும்பி நடந்துவிடலாமா என்று நினைத்தபோது பேசினார்.

"அவ மட்டும் என்ன தூங்குனவளா? இந்தப் புள்ளைக்கு அப்பத் தட்டம்மை. ரெண்டு நாளா ஒக்காந்தே இருந்தா. வேனுல ஏறையில கண்ணு ரெண்டும் செவப்பா இருந்துச்சு. இன்னைக்குப் போகாதன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லலயே."

அவளும் என்னைப் போலவே அசந்து கிடந்தவள். அசந்து கிடந்தவள்தான் என் முகத்தைப் பார்த்து, நீ போய் உட்காரு என்று சொல்லியிருக்கிறாள். இது எனக்கு ஆறுதலா, இன்னும் பெரிய பாரமா என்று இன்னும் தெரியவில்லை.

"ஒங்க மேல வருத்தம் இல்லன்னு சொன்னா அது பொய்யி" என்றார் அவர். "இருக்கு. இப்பத்தான வந்திருக்கு. கொஞ்ச நாள் இருக்கும். ஆனாலும் நீங்க வந்து சொன்னீகளே." பிறகு உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முழுக்கக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். உன் பக்கத்தில் சும்மா சாய்ந்தேன், சேலைகூட மாற்றவில்லை. கண்ணை மூடியதும் எங்கும் போகவில்லை. அறை வரவில்லை, திரி வரவில்லை. தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி, முதலில் பாதம், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு என்று உடம்பு ஒவ்வொன்றாக என்னை விட்டுப் போனது. முழித்தபோது வெளியே மங்கலாக இருந்தது. பொழுது விடிகிறதா, அடைகிறதா என்று புரியவில்லை. கோழி மேய்ந்துகொண்டிருந்தது. தெருவில் யாரோ குடத்தை இறக்கி வைத்தார்கள். சாயங்காலம்தான். சாயங்காலம் வந்திருந்தது.

அது ஒருநாள்தான். திங்களும் செவ்வாயும் பழையபடிதான். நீ சொன்னபடி நான் போய்ப் பார்த்த விருதுநகர் டாக்டரம்மாவும், "வாராவாரம் வாங்க, அவசரப்படாதீங்க" என்றுதான் சொன்னார். ஆனால் ஒருநாள் வந்தது மறுபடி வரும் அல்லவா.

நேற்று ஊர்க்காவலன் மாமா கூப்பிட்டார். தீபாவளி சீசன் முடிய இன்னும் பத்து நாள், கடைசி ஆர்டர் நிற்கிறது, மருந்து அறைக்கு ஆள் போதவில்லை. "முடியுமா வேல்விழி? நீ சொல்றதுதான்" என்றார். அந்த மூலை. நாலு மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த மூலை.

"இன்னும் முடியாது மாமா" என்றேன். "அதோட, அங்கன இப்ப ஒக்காந்திருக்காளே, அந்தச் சின்னப் பொண்ணு, அவ எம்புட்டு நேரம் தூங்குதான்னு ஒரு தடவ கேட்டுப் பாருங்க." கேட்கிறேன் என்றார் அவர். இன்று போனதும் கேட்டாரா என்று நான் கேட்பேன்.

சோறு வடித்திருக்கிறேன். குழம்பு மண்சட்டியில். வேன்காரரிடம் நம் வாசலில் ஹாரன் அடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். முக்கு வரைக்கும் நடந்துபோய் ஏறிக்கொள்வேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறேன். நீ தூங்கு.

அக்கா